ஒலியை ஆராய்ந்து உண்மை காணல்

தென்னந்தோப்பு வைத்திருப்போர்க்கு நேரிடும் நஷ்டங்களுள் மிகவும் வருத்தந் தருவது, புறத்தே யாதொரு குறையும் தோன்றாமல் நின்ற மரம் ஒருநாள் கொண்டை சாய்ந்து விழுவதாகும். பெரும்பாலும் அதற்குக் காரணம் சிவப்புக் கூன்வண்டின் புழுவே. இப்புழு மரத்தினுள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று வளர்வதால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆனால், கண்ணுக்குப் புலப்படாதது செவிக்குப் புலப்படக் கூடும். மரத்தில் காதை வைத்துக் கேட்டால் புழு நாரைக் கடிக்கும் ஓசை கேட்கும் என்பதை அநுபவமுள்ள குடியானவர்கள் அறிவார்கள். இவ்வநுபவ அறிவையே கருவிகளின் துணைகொண்டு திருத்தமாகச் செய்வதுதான் ஒலி ஆராய்ச்சி. தோப்புக்கும் நியாயஸ்தலத்துக்கும் அதனால் உண்டாகும் பிரயோஜனத்தை இங்கே சுருக்கமாகக் கூறுவோம்.

ஒலியும் அதன் கூறுகளும்

ஒலியாவது அதிர்ச்சியே. ஒரு பொருள் வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ அதனை அதிர்வெண் என்றும், அதன் அளவை ஹெர்ட்ஸ் என்றும் வழங்குவர். மனிதருடைய செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்க வல்லது. எவ்வளவு சிக்கலான அலையையும் பல எளிய அலைகளின் கூட்டாகப் பிரித்துக் காட்டலாம் என்பதைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியே 1822-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். பல தானியங்கள் கலந்த குவியலை வெவ்வேறு கண்ணுள்ள சல்லடைகளால் சலித்துப் பிரிப்பதைப் போன்றது இது.

இவ்வாறு பிரித்த ஒலியைப் படமாக வரையும் கருவியை அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச் சாலையார் 1940-க்குப் பிந்திய ஆண்டுகளில் அமைத்தனர். அப்படத்தில் இடமிருந்து வலமாகக் காலமும், கீழிருந்து மேலாக அதிர்வெண்ணும் குறிக்கப்படும்; கறுப்பு மிகுந்த இடம் ஒலி மிகுந்த இடமாகும். அன்று பெரிய கருவி செய்த வேலையை இன்று சிறிய கணினியே செய்துவிடுகிறது.

புழுவின் ஓசை

கூன்வண்டு, காண்டாமிருக வண்டு துளைத்த இடத்திலும், அரிவாள் பட்ட காயத்திலும் முட்டையிடுகிறது. ஒரு பெண் வண்டு இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. சுமார் மூன்று நாளில் முட்டை பொரிந்து புழுவாகும். புழு ஒன்று முதல் மூன்று மாதம் வரையில் மரத்தைத் தின்று, பின்பு நாரினாற் கூடு கட்டி அதனுள் அடங்கிக் கிடக்கும்.

புழு நாரைக் கடித்து அறுக்கும்போது, ஒவ்வொரு நாரும் அறுபடுகையில் ஒரு சிறு வெடிப்போசை உண்டாகிறது. ஒவ்வொன்றும் ஒரு வினாடியின் மிகச் சிறிய பங்கே நீடிக்கும். ஆனால் தனித்து வாராமல், கூட்டங்கூட்டமாய் அடுத்தடுத்து வரும். இதனைக் கேட்க, மரத்திலோ மட்டையின் அடியிலோ ஒரு திருகாணியைச் செலுத்தி, அதன்மேல் அதிர்ச்சியை உணரும் படிகத்தைப் பொருத்துவர். அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் இயல்பு சில படிகங்களுக்கு உண்டென்பதைக் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். அவ்வியல்பே இங்குப் பயன்படுகிறது. மரத்தின் அதிர்ச்சி மின்சாரமாக மாறி, பெருக்கப்பட்டு, பதிவாகிறது.

செவியை ஏமாற்றுவன

தோப்பில் புழு மட்டும் ஓசை செய்வதில்லை. காற்றில் மட்டை உராய்கிறது, பறவை கூவுகிறது, சாலையில் வண்டி ஓடுகிறது. காற்று, வண்டி இவற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அதனை முதலில் வடித்து நீக்குவர். எஞ்சியதில், கூட்டமாக வரும் குறுவெடிப்பு உளதா என்று பார்ப்பர்.

இதில் இரண்டு தவறுகள் நேரலாம். ஒன்று, நல்ல மரத்தை நோயுற்றதெனக் கருதுதல். மற்றொன்று, நோயுற்றதை நல்லதெனக் கருதுதல். பின்னது அதிகக் கேடு விளைப்பது. முட்டை ஓசை செய்யாது; இளம்புழுவின் ஓசை மிக மெல்லியது; கூட்டுக்குள் அடங்கிய புழுவோ தின்பதேயில்லை. ஆகையால் ஒருநாள் கேட்டு ஓசையில்லை என்பதால் மரத்தில் வண்டில்லை என்று துணியலாகாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் கேட்டல் வேண்டும்.

சாட்சியத்தில் ஒலி

இதே முறை குற்ற ஆராய்ச்சியிலும் கையாளப்படுகிறது. அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனுடைய அலுவலகத்தில் 1972-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி பதிவான நாடா ஒன்றில் பதினெட்டரை நிமிஷம் பேச்சின்றி இரைச்சலே இருந்தது. ஆறு நிபுணர்கள் அதனை ஆராய்ந்து, கருவி நாடாவில் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு, குறைந்தது ஐந்து முறை தனித்தனியே அழிக்கப்பட்டதென்று 1974-இல் தெரிவித்தனர். அழித்த செயலைக் காட்ட முடிந்தது. அழிந்த பேச்சை மீட்க முடியவில்லை.

குரலைக் கொண்டு ஆளை அடையாளங் காண்பதிலும் எச்சரிக்கை தேவையென்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தார் 1979-இல் அறிவித்தனர். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1972-இல் மல்கானி வழக்கில், ஒலிப்பதிவு வழக்குக்குப் பொருந்தியதாயும், குரல் இன்னாருடையதென அறியப்பட்டதாயும், அழித்து மாற்றப்படாததென நிரூபிக்கப்பட்டதாயும் இருத்தல் வேண்டுமென்று கூறிற்று. 2024-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷ்ய சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் வேண்டும்.

எல்லைத் தகராறு, நீர்ப்பங்கீடு முதலியவற்றில் கைபேசியிற் பதிந்த பேச்சுகள் கிராம அதிகாரிகளிடம் வருவதுண்டு. மூலப் பதிவை வெட்டாமலும், திருத்தாமலும், பதிந்த கருவியிலேயே வைத்துக்கொள்ளும்படி கட்சிக்காரர்களுக்கு அவர்கள் எடுத்துரைத்தல் நலம். பதிந்த தேதி, இடம், கருவி ஆகியவற்றையும் உடனே எழுதி வைத்தல் வேண்டும்.

தோப்பில் செய்யத்தக்கவை

1. ஐந்து முதல் இருபது வயது வரையுள்ள மரங்களை முதலிற் கவனிக்க. தண்டில் துவாரம், பழுப்பு நிறச் சாறு, மென்று தள்ளிய நார், உட்குருத்தின் மஞ்சள் நிறம் ஆகியவற்றைத் தேடுக.

2. காற்றடங்கிய நேரத்தில், சந்தேகப்பட்ட மரத்தில் பல இடங்களிற் காதை வைத்துக் கேட்க. அடுத்துள்ள நல்ல மரத்திலும் கேட்டு ஒப்பிடுக. மரத்தின் எண்ணையும் தேதியையும் குறித்து வைக்க.

3. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 120 செ. மீ. விட்டு வெட்டுக.

4. காண்டாமிருக வண்டைத் தடுக்க, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரமொன்றுக்கு 150 கிராம் வீதம் உட்புற மூன்று மட்டைகளின் கவட்டில் இடுக.

5. ஓசையும் அடையாளமும் ஒத்திருந்தால் தாமதமின்றி விவசாய அலுவலரின் ஆலோசனையைப் பெறுக. பட்டுப்போன மரத்தைத் தோப்பில் விட்டுவையாது பிளந்து கொளுத்துக.

ஓசை ஒரு சாட்சியே அன்றி, தீர்ப்பு அன்று. ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது நியாயஸ்தலத்திற் பிழையாவது போலவே, ஒருமுறை கேட்ட ஓசையை மட்டும் நம்பி மரத்தை வெட்டுவதும், ஒருமுறை கேளாமையை நம்பி வாளாவிருப்பதும் பிழையாகும். கண்ணும் செவியும் ஒன்றுக்கொன்று துணைநிற்குமாயின், கொண்டை சாயுமுன் காக்கத்தக்க மரங்கள் பலவாம்.