விடுமுறையில் ஒரு வாரம்: கடலுக்கும் காட்டுக்கும்



எஸ்.பி.எம். எழுதி முடித்தவர்களும் பல்கலைக்கழக நீண்ட விடுமுறையில் இருப்பவர்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, லீவுல என்ன செய்யலாம்?" பார்ட் டைம் வேலை நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. ஆனால் அந்த மாதங்களில் ஒரே ஒரு வாரத்தை இயற்கைப் பாதுகாப்பு வேலைக்கு ஒதுக்குங்கள். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஏன் போகணும்?

திரங்கானுவில் ரந்தாவ் அபாங் என்றொரு கடற்கரை இருக்கிறது. மலாயில் பெனியு பெலிம்பிங் என்று சொல்லும் பெரிய தோலாமைகள் முட்டையிட வந்த இடம் அது. 1950-களில் அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 10,000 கூடுகள் இருந்தன. இன்று ஒரு தோலாமை கரையேறினாலே அது செய்தி. நம் தாத்தா பாட்டி காலத்தில் இருந்தது, நம் காலத்தில் இல்லை.

முட்டைகளைத் தோண்டி விற்றார்கள். மீன்பிடி வலைகளில் தாய் ஆமைகள் மாட்டிச் செத்தன. காப்பாற்றுவதற்காகவே முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்தபோது, அங்கேயும் ஒரு சிக்கல் இருந்தது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. ஏறக்குறைய 29 டிகிரிக்கு மேல் போனால் பெரும்பாலும் பெண்தான் பிறக்கும். வெயில் காய்ந்த பொரிப்பகத்தில் பிறந்தவை ஏறக்குறைய எல்லாமே பெண் குஞ்சுகள்!

இதில் நமக்கு என்ன பாடம்? நல்ல மனசு மட்டும் போதாது. அளந்து, எண்ணி, எழுதி வைக்கும் பழக்கமும் வேணும். அந்தப் பழக்கத்தைத்தான் இந்த ஒரு வாரம் கற்றுத் தருகிறது.

எங்கே, எப்போது?

1. ரெடாங் தீவின் சாகார் ஹுத்தாங் கடற்கரை: மலேசியத் திரங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுக் குழு 1993 முதல் இங்கே வேலை செய்கிறது. தொண்டூழியர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆமைகள் அதிகம் வருவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஆண்டு இறுதியில் பருவமழை, கடல் கொந்தளிக்கும். அப்போது திட்டம் போடாதீர்கள்.

2. போர்ட்டிக்சன் அருகே தஞ்சோங் துவான்: மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைக் கடந்து வடக்கே போகும். மேலே எழும் வெப்பக் காற்றில் மிதந்தே நெடுந்தூரம் போகும் பறவைகள் இவை. கடல்மேல் அந்தக் காற்று சரியாகக் கிடைக்காது. அதனால்தான் நீரிணை குறுகலான இடத்தில் கடக்கின்றன. ஒரே நாளில் போய்த் திரும்பலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இது நல்ல தொடக்கம்.

3. பகாங், மெராப்போ: தாமான் நெகாராவையும் தித்திவங்சா மலைத்தொடரையும் இணைக்கும் காட்டுப் பகுதி. மலாயாப் புலிகள் நாட்டில் 150-க்கும் குறைவு. வழிகாட்டியோடு நடந்து, கம்பிக் கண்ணிகளும் விலங்குகளின் தடயமும் இருக்கிறதா என்று தொண்டூழியர்கள் பார்த்து வருகிறார்கள். மனித நடமாட்டம் இருந்தாலே வேட்டைக்காரன் யோசிப்பான்.

4. சிங்கப்பூர் நண்பர்களுக்கு, சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம்: செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வந்து தங்கும். உங்கள் ஆண்டு இறுதி விடுமுறை சரியாக அதற்குள் வருகிறது. தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியத் திட்டங்களை விசாரியுங்கள்.

போனால் என்ன வேலை?

"அண்ணே, பயோலோஜி படிச்சிருக்கணுமா?" தேவையில்லை. கடலாமை முகாம் ஒன்றில் நான் ஒரு வாரம் இருந்தேன். பாதி வேலை ராத்திரியில்தான். ஆமை கரையேறும்போது வெள்ளை விளக்கு கூடாது, போன் வெளிச்சமும் கூடாது. மணலில் அசையாமல் உட்கார்ந்திருக்கணும். முட்டையிட்டு முடித்தபின் ஓட்டை அளந்து, துடுப்பில் உள்ள டேக் எண்ணைக் குறித்து, முட்டைகளை எண்ணி எழுதுவோம். பச்சைக் கடலாமைக் கூட்டில் நூறு முட்டை போல இருக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பொரித்துப் போன கூடுகளைப் பகலில் தோண்டி, வெற்று ஓடு எத்தனை, கெட்டது எத்தனை என்று எண்ணுவோம். நாத்தம் தாங்காது! ஆனால் அந்தக் கணக்கு இல்லாமல், பாதுகாப்பு வேலை செய்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

சாப்பாடு, படகு, தங்குமிடம் என்று கட்டணம் வாங்குவது வழக்கம்தான். ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். எடுக்கும் கணக்கு யாருக்குப் போகிறது? விலங்கைத் தூக்கிப் படம் பிடிக்க விடுகிறார்களா? குஞ்சுகளை எப்போது கடலில் விடுகிறார்கள்? பிறந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரத்தில்தான் ஆழ்கடலுக்கு நீந்தும் வேகம் அதிகம். சுற்றுப்பயணிகள் பார்ப்பதற்காகத் தொட்டியில் நாள் கணக்கில் வைத்திருந்தால், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வயது வரம்பையும் விசாரியுங்கள். அம்மா அப்பாவிடம் இடம், தேதி, பொறுப்பாளரின் எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பாதிக் கவலை அப்போதே தீரும். சைவம் என்றாலோ, புரட்டாசி விரதம் என்றாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகாமில் எல்லாருக்கும் ஒரே அடுப்புதான்.

நம் மலையிலும் உண்டு

ரெடாங் போக வசதி இல்லையா? பத்துமலைக்கு எல்லாரும் போகிறோம். 272 படி ஏறும் வழியில் இருட்டுக்குகை இருக்கிறது. அதற்குள் வாழ்கிறது ஓர் அரிய பொறிக்கதவுச் சிலந்தி. லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர்; 1923-இல் பத்து என்ற நம் மலையின் பெயரையே வைத்தார்கள். நூலால் கதவு செய்து உள்ளே உட்கார்ந்திருக்கும். வாசலில் விரித்த இழையில் பூச்சி கால் பட்டால் பாய்ந்து பிடிக்கும். முருகன் மலைக்கடவுள் என்கிறோம். அந்த மலையில் குடியிருக்கும் உயிர்களில் எத்தனையை நமக்குத் தெரியும்?

வட்டத்தில் கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் தாத்தா பாட்டி பார்த்து, நீங்கள் பார்க்காத உயிரினம் எது? வீட்டில் கேட்டு வாருங்கள்.
2. ரந்தாவ் அபாங் பொரிப்பகத்தில் நடந்தது போல, நல்ல எண்ணத்தோடு செய்து பலன் தராத வேலை வேறு ஏதாவது உண்டா?

இந்த மாத வேலை: அடுத்த கோயில் திருவிழா முடிந்ததும் ஐந்து பேர் ஒரு மணி நேரம் குப்பை பொறுக்குங்கள். பொறுக்கினால் மட்டும் போதாது. போத்தல் எத்தனை, ஸ்ட்ரா எத்தனை, பிளாஸ்டிக் பை எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். அந்தத் தாளைக் கோயில் நிர்வாகத்திடம் மரியாதையாகக் கொடுத்து, அடுத்த ஆண்டு எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள். அடுத்த ஆண்டும் எண்ணுங்கள். குறைந்ததா இல்லையா என்பதை அந்த இரண்டு தாளும் சொல்லிவிடும்.