சுமை வண்டியில் எழும் தட்டொலியும் அதன் காரணங்களும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்தது வடகரப்பதி. இப்பகுதியில் விளையும் காய்கறிகளும் தேங்காயும் ‘பிக்கப்’ எனப்படும் சிறு சுமை வண்டிகளில் வேலந்தாவளம் சந்தைக்கும் பிற ஊர்களுக்கும் செல்கின்றன. இத்தகைய வண்டி சுமையுடன் போகையில் ஓசையின்றிச் சென்று, வெறுமையாகத் திரும்புகையில் மட்டும் பின்புறத்தில் ‘தடக், தடக்’ என்று ஒலிப்பதுண்டு. காரணம் புரியாமல் ஓட்டுநர் திகைப்பார். ஆயினும், ஒலி எப்பொழுது எழுகிறது என்பதிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

எங்கிருந்து எழுகிறது என்பதைக் காதைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் தவறாகும். காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, எஃகில் 5,000 மீட்டருக்கு மேல் செல்கிறது; வழியில் அதிகம் தேய்வதுமில்லை. சட்டத்தின் ஒரு முனையில் விழும் தட்டு, மறு முனையிலுள்ள தகட்டை அதிரச் செய்கிறது. காது அத்தகட்டையே ஒலியின் பிறப்பிடமாகக் கொள்கிறது.

மேற்கூறிய வண்டியில் நிகழ்வது யாதெனில், பின் அச்சைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் முனைகளிலுள்ள புஷ்கள் தேய்ந்து, சிறு இடைவெளி உண்டாகியிருக்கிறது. சுமை ஏறியதும் அவ்விடைவெளி ஒரு பக்கமாக அழுந்தி மூடிக்கொள்கிறது. வெறும் வண்டியோ ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ள, இரும்பு இரும்பின்மீது மோதுகிறது. இதற்கு மாறாக, சுமையிருக்கும்போது மட்டும் எழும் ஒலி, அச்சு மேலெழுந்து சட்டத்தை இடிப்பதைக் குறிக்கலாம். முறிந்த பட்டையோ அளவு மீறிய பாரமோ காரணமாகும்.

வண்டி புறப்படும்போதும், முன்செலவிலிருந்து பின்செலவுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு தட்டுக் கேட்குமாயின், புரொப்பெல்லர் ஷாப்டின் கிராஸ் இணைப்பை ஐயுறல் வேண்டும். சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஷாப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தால் தளர்ச்சி தெரியும். இணைப்பைச் சுற்றிச் செந்தூள் படிந்திருப்பின், உள்ளே கிரீஸ் வற்றி உலோகம் உராய்ந்துள்ளது எனலாம். பிரேக் பிடிக்கும்போது எழும் தட்டு, அச்சைப் பட்டையுடன் பிணைக்கும் யூ போல்ட்டுகளின் தளர்ச்சியாலும் நேரலாம். இது அஞ்சத்தக்கது. நடுப் போல்ட் அறுபட்டால் அச்சு இடம் பெயர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திருப்பும்போது முன்புறத்தில் ஒலித்தால் ஸ்டியரிங் இணைப்புகளைப் பார்த்தல் வேண்டும்.

வேகத்தோடு விரைவுபடும் ஒலிக்கு ஒரு சிறு கணக்கு உதவும். 67 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஒரு முறை சுழலும். அவ்வேகத்தில் வினாடிக்கு ஒரு தட்டு வருமாயின், குறை சக்கரத்தையோ அதனுடன் சுழலும் உறுப்பையோ சார்ந்தது. புரொப்பெல்லர் ஷாப்டு, பின் அச்சின் பற்சக்கர விகிதத்திற்கேற்ப, சக்கரத்தைவிடச் சில மடங்கு விரைவாகச் சுழல்வதால் அதன் தட்டு மேலும் அடுத்தடுத்துக் கேட்கும். பள்ளிகளில் மிதிவண்டிச் சக்கரத்தைக் கொண்டே மாணவர்க்கு இக்கணக்கை விளக்கலாம்.

சக்கரத்தைச் சார்ந்த தட்டெனத் தெரிந்தவுடன் வண்டியை நிறுத்தி, சக்கர நட்டுகளைச் சோதித்தல் வேண்டும். நட்டைச் சுற்றித் துருக்கோடு பரவியிருந்தால் அது அசைந்துகொண்டிருக்கிறது. போடிமெட்டு போன்ற மலைச்சாலைகளில் இறங்கும் வண்டிக்கு இது உயிர் சார்ந்த செய்தி. நட்டை முறைப்படி முடுக்கிய பின்னரும், சிறிது தூரம் ஓடியதும் மீண்டும் சரிபார்ப்பது வழக்கம்.

இவ்வளவும் பார்ப்பதற்கு முன், அடியில் தொங்கும் ஸ்டெப்னியையும் கருவிப் பெட்டியிலுள்ள ஜாக்கியையும் அசைத்துப் பார்த்தல் நன்று. பல வண்டிகளில் தேடல் அங்கேயே முடிந்துவிடும். முடியாதபோது, ஒருவர் ஓட்ட மற்றொருவர் பின்னே அமர்ந்து, சாலை, வேகம், சுமை, பிரேக், திருப்பம் ஆகியவற்றுடன் ஒலி எழுந்த நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். பின்னர் வண்டிக்கு அடியில் செல்பவர், ஜாக்கியை மட்டும் நம்பாமல், சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பிறகே செல்லுதல் வேண்டும்.