ஊர்தான் உரையாசிரியர்

குயிலாப்பாளையத்துச் செம்மண்ணிலும் முந்திரித் தோப்பிலும் வளர்ந்த எனக்கு, வரலாறு என்றால் பானிபட்டிலும் பிளாசியிலும் நடந்து முடிந்த ஏதோ ஒன்று. பத்துப்பாட்டை இரண்டு முறை கையில் எடுத்தேன். இரண்டு முறையும் திருமுருகாற்றுப்படையில் இருபது அடி தாண்டவில்லை. நூலின் மேல் குற்றமில்லை, நான் நுழைந்த வாசல் தவறு என்பது பின்னால்தான் புரிந்தது. நம் கால் அறிந்த மண்ணைப் பேசும் நூலில் தொடங்கினால், உரையில் விளங்காததை ஊர் விளக்கும். எனக்கு அப்படி வாய்த்தவை இரண்டு: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, சிறுபாணாற்றுப்படை. நான் போன வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. நாவல் வழியாக நுழையுங்கள்

பிள்ளை 1736 செப்டம்பர் 6 அன்று எழுதத் தொடங்கினார். ஏறக்குறைய 25 ஆண்டுகள் எழுதினார். மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த அகநி வெளியீடு 12 தொகுதிகள். அந்த அடுக்கைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும் படியுங்கள். இரண்டாவது நாவல் 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலைப் படித்து முடிக்கும்போது புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயும் அவர் மனைவியும் தெரிந்த முகங்களாகிவிடுவார்கள்.

2. முதல் தொகுதியில் தொடங்காதீர்கள்

தொடக்கப் பகுதிகளில் கப்பல் வரவும் வணிகக் கணக்கும் அதிகம். எனக்கு அங்கேதான் தூக்கம் வந்தது. 1746க்குப் போங்கள். அந்த ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்கிறார்கள். 1748இல் பாஸ்கவன் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டு, தோற்றுத் திரும்புகிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளைப் படித்தால் ருசி பிடித்துவிடும். பிறகு பின்னோக்கிப் போகலாம்.

3. ஒரு நோட்டு, இரண்டு பட்டியல்

முதல் பட்டியல் சொற்களுக்கு: துபாசி, வராகன், கும்பினி, முசே. ஐம்பது சொல் சேர்ந்ததும் வாசிப்பு வேகம் பிடிக்கும். இரண்டாவது பட்டியல் தேதிகளுக்கு. பிள்ளை தமிழ் ஆண்டுப் பெயரையும் எழுதுவார்; 1736 நள வருஷம். ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை வைத்திருந்ததால், பிரெஞ்சுக் கணக்கைவிட 11 நாள் பின்தங்கியிருந்தார்கள். சென்னை வீழ்ந்தது அவர்களுக்குச் செப்டம்பர் 10, புதுச்சேரிக்கு 21. இது தெரியாமல் ஒரு வாரம் இரண்டு நூல்களை வைத்துக்கொண்டு எது பொய் என்று குழம்பினேன்.

4. எழுதியவரைச் சந்தேகத்தோடு படியுங்கள்

பிள்ளை வணிகர், துய்ப்ளேயின் தலைமைத் துபாசி, அதாவது மொழிபெயர்ப்பாளர். லாபமும் பகையும் சாதிப் பார்வையும் அவர் எழுத்தில் கலந்தே வரும். தமக்கு முன் அந்தப் பதவியிலிருந்த கனகராய முதலியாரைப் பற்றி அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும் அவரே பதிவு செய்கிறார், இடித்தவர்களிடம் வேலை பார்த்துக்கொண்டே. அந்தப் பக்கங்களில் நின்று படியுங்கள். அவர் சொன்னதற்குப் பக்கத்தில், சொல்லாமல் விட்டது என்ன என்று ஒரு வரி குறித்து வையுங்கள்.

5. இனி இலக்கியம்

பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை 269 அடிகள்தான். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். ஓய்மாநாடு என்பது நம் திண்டிவனம் பக்கம். அவனுடைய கிடங்கில், திண்டிவனத்தை ஒட்டிய இன்றைய கிடங்கல். எயிற்பட்டினத்தை மரக்காணம் பகுதி என்று கருதுகிறார்கள்.

முதல் அடியில் தொடங்க வேண்டாம். பாணனுக்கு வழியில் கிடைக்கும் சாப்பாட்டில் தொடங்குங்கள். எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் கள்ளும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். கடலோரம், காட்டோரம், வயலோரம் என்று நிலம் மாற மாற இலையும் மாறுகிறது. அதன் பிறகு வறுமைக் காட்சி, ஏழு வள்ளல்கள், மூவேந்தர் தலைநகரங்கள் எனப் பிரித்துப் படியுங்கள். ஒரு நாளைக்கு இருபது அடி போதும். முதலில் எளிய உரைநடைப் பொருள், அடுத்து மூலம், கடைசியில் நச்சினார்க்கினியர் உரை. அவர் அடிகளை முன்னும் பின்னுமாக மாற்றிக் கூட்டிப் பொருள் சொல்பவர் என்பதால், அவரிடமே முதலில் போனால் வழி தவறும். அவருடைய உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்தார்.

6. புத்தகத்தோடு புறப்படுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி ரங்கப்பிள்ளை வீதிக்குப் போய்ப் பிள்ளையின் வீட்டைப் பாருங்கள். 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகமும் அதே ஊரில்தான்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போங்கள். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டினால் கடப்பாக்கம். அங்கே கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 1750இல் துய்ப்ளேயின் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் தகர்த்த கோட்டை. அது இருக்கும் பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவரின் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

இரண்டு நூல்களையும் தனித்தனியாகப் படித்து முடித்த பிறகுதான் அந்தப் பெயர்ப் பலகை என் கண்ணில் பட்டது. அந்தச் சாலையில் அதற்கு முன் எத்தனையோ முறை போயிருக்கிறேன்.