சென்னை – டெல்லி: 2 மணி 7 நிமிஷமா, 2 மணி 50 நிமிஷமா?

ஜூனியர்ஸ், இந்தக் கணக்கைத் தப்பாப் போட்டு ஒரு இன்டர்வியூவையே விட்டவன் நான். உங்களுக்கு அது நடக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

குர்கானில் கடைசி ரவுண்டு. எத்தனை மணிக்கு வர முடியும்னு ஹெச்ஆர் கேட்டாங்க. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே தூரத்தை வேகத்தால் வகுத்து, "காலை 6 மணி ஃப்ளைட், 9.30-க்கு ஆபீஸ்ல இருப்பேன்"னு சொல்லிட்டேன். போய்ச் சேர்ந்தப்போ மணி 10.20.

தூரம்

சென்னை விமான நிலையம் 12.99° வடக்கு, 80.17° கிழக்கு. டெல்லி 28.57° வடக்கு, 77.10° கிழக்கு. அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111.2 கிமீ.

வடக்கே: 15.58 × 111.2 = 1,732 கிமீ.

மேற்கே: துருவம் பக்கம் போகப் போக தீர்க்கரேகைகள் நெருங்கும். அதனால நடு அட்சரேகையின் (20.8°) கொசைனால் பெருக்கணும். 3.07 × 111.2 × 0.935 = 319 கிமீ.

இனி பத்தாங்கிளாஸ் பிதாகரஸ்தான். விடை சுமார் 1,760 கிமீ. ரொம்ப நீண்ட தூரத்துக்கு மட்டும் ஹேவர்சைன் சூத்திரம் வேணும். ரயில்ல போனா இதே ஊருக்கு சுமார் 2,180 கிமீ.

நேரம்

ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானம் உச்சியில் மாக் 0.78-ல் பறக்கும். அந்த உயரத்தில் அது மணிக்கு சுமார் 830 கிமீ. 1,760 ÷ 830 = 2 மணி 7 நிமிஷம். நான் இங்கேயே நின்னுட்டேன். ஆனா டிக்கெட்டில் இருப்பது ஏறக்குறைய 2 மணி 50 நிமிஷம். மீதி எங்கே போகுது?

1. டிக்கெட் நேரம் விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பதில் முடியும். ரெண்டு பக்கமும் ஓடுபாதை வரை ஊர்ந்து போற நேரமும் இதில் சேரும்.
2. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே பொதுவா 250 நாட்தான், அதாவது சுமார் 460 கிமீ.
3. வான்வழி நேர்கோடு இல்லை. இறங்க வரிசையும் உண்டு.
4. தாமதத்தைச் சமாளிக்க ஏர்லைன்ஸ் கொஞ்சம் நிமிஷம் சேர்த்தே போடுவாங்க.

ஆக, தோராய விதி: தூரம் ÷ 830, கூட 40 நிமிஷம்.

கிழக்கு–மேற்குப் பயணம்னா காற்றையும் பாருங்க. ஜெட் ஸ்ட்ரீம் மேற்கிலிருந்து வீசுறதால, டெல்லி–லண்டன் போறதைவிட திரும்பி வர்றது சீக்கிரம். வெளிநாடுன்னா கடிகாரமும் ஏமாத்தும். சென்னையில் இரவு 11 மணிக்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கினா, அது 7 மணி நேரம் இல்லை. அவங்க நம்மைவிட 2.30 மணி முன்னாடி, அதனால பயணம் 4.30 மணிதான்.

இதெல்லாம் விமானம் நிற்கும் வரைதான். பெட்டி வர்றது, டாக்ஸி, காலை டிராஃபிக், குளிர்காலத்தில் டெல்லி மூடுபனி எல்லாம் தனிக் கணக்கு. அந்த ஸ்லாட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டாங்க. அடுத்த இன்டர்வியூவுக்கு நான் முந்தின நாள் ராத்திரியே போயிட்டேன். நீங்களும் அப்படியே பண்ணுங்க.