தாளமும் கையடக்க விளையாட்டும்

வீடியோ கேம் என்றவுடன் அது கண்ணுக்கு விருந்தாவதொன்று என்றே உலகத்தார் கருதுவர். ஓட்டமும் சண்டையும் வண்ணக் காட்சிகளும் மலிந்த அவ்விளையாட்டுக்களுள் செவிக்கு இடமுண்டோ என்று வினவுவாரும் உளர். செவியையே ஆசானாகக் கொண்டு, கண்ணை வேண்டுமென்றே ஏமாற்றும் ஒரு சிறு விளையாட்டுக் குடும்பம் ஜப்பான் நாட்டிலே தோன்றி, உள்ளங்கையில் அடங்கும் பொறிகளிலே வளர்ந்து வந்திருக்கின்றது. அதன் இயல்பை யாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றோம். தாள அறிவு பிறவியில் அமைவதோ, பயிற்சியில் வருவதோ என்னும் பழைய வினாவுக்கும் இவ்விளையாட்டுக்கள் ஒருவகை விடை பகர்தலின், ‘விளையாட்டுத்தானே’ என்று நேயர்கள் ஒதுக்காதிருப்பாராக.

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நின்டெண்டோ நிறுவனத்தார் ‘ரிதம் தெங்கோகு’ என்னும் விளையாட்டை ஜப்பானில் வெளியிட்டனர். தெங்கோகு என்பதற்குச் சுவர்க்கம் என்பது பொருள். அது கேம் பாய் அட்வான்ஸ் என்னும் பொறிக்கென இயற்றப்பட்டது. அப்பொறி 2001இல் தோன்றியது. அதனை அடுத்து வந்த டீஎஸ் என்னும் இரட்டைத் திரைப் பொறியோ 2004இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆகவே இவ்விளையாட்டை மூத்த பொறியின் முதுமைக் காலத்துப் பிள்ளை எனலாம். ஜப்பானுக்கு வெளியே அது விற்கப்படவே இல்லை. இதன் கருத்தை நின்டெண்டோவுக்கு எடுத்துச் சென்றவர் த்சுன்கு என்பவர். அவர் ‘ஷாரம் கியூ’ என்னும் குழுவின் பாடகர். ‘மார்னிங் முசுமே’ என்னும் புகழ்பெற்ற பெண்கள் குழுவுக்கு இசையமைத்து அதனை வளர்த்தவர். தாள உணர்வு பயிற்றினால் வளரும் என்பது அவர் துணிபு. விளையாட்டை இயற்றும் பணியாளர் தாமே தாளத்தை உடம்பால் உணர்தல் வேண்டுமென்று அவர்களை நடனம் பயிலச் செய்தார் என்பர். கணிப்பொறி முன் குனிந்திருந்தோர் எழுந்து ஆடிய காட்சியை நினைக்குந்தோறும் எமக்கு நகை உண்டாகின்றது; எனினும் பாடம் சொல்லுமுன் ஆசிரியர் பாடம் படித்தாக வேண்டும் என்பதில் ஐயமில்லை. பின்னர் 2008இல் டீஎஸ் பொறிக்கும், 2011இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் வீ பொறிக்கும், 2015இல் த்ரீடீஎஸ் பொறிக்கும் இதன் வழித்தோன்றல்கள் வந்தன.

இனி, விளையாட்டின் உள்ளே புகுவாம். ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் முடியும் சிறு நாடகம். வெங்காயம் போன்றதொரு காய்க்கு முகம் இருக்கும். அம்முகத்திலே மயிர் முளைக்கும். மயிர்கள் எந்தத் தாளத்தில் முளைத்தனவோ அதே தாளத்தில் சாமணம் கொண்டு அவற்றைப் பிடுங்க வேண்டும். இதைப் படிப்பவர் ‘இஃதென்ன பைத்தியம்’ என்பர். ஆனால் ஆசான் ஒரு சொற்கட்டைச் சொல்ல மாணாக்கன் அதைத் திருப்பிச் சொல்லும் முறையேயன்றி இது வேறன்று. வெங்காயம் ஆசான், சாமணம் மாணாக்கன். வேறொன்றில் கராத்தே வீரன் தன்னை நோக்கி எறியப்படும் பானைகளைக் குத்துவான். இன்னுமொன்றில் விண்வெளியில் பந்தடிக்கும்போது காட்சி திடீரெனத் தொலைவுக்குச் சென்று ஆளும் பந்தும் கடுகளவாய்த் தோன்றும். பந்தின் வரவை விழியால் அளப்பவன் அங்கே தவறுவான். பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவனுக்கோ யாதொரு மாற்றமும் இல்லை. தாளம் அப்படியே நிற்கின்றதன்றோ?

டீஎஸ் விளையாட்டில் இரண்டாவதாக வரும் பாடகர் குழுவே எமக்கு மிகவும் உவப்பானது. கல்லூரிப் பாடகர் குழுவில் நின்றறிந்தோர் யாவரும் அதன் நயத்தை உணர்வர். மூவர் வரிசையாக நிற்பர், மூன்றாமவர் நாம். எழுதுகோல் போன்ற குச்சியைத் திரையில் அழுத்தியிருக்குமளவும் நம்மவர் வாய் மூடியிருக்கும், எடுத்தால் பாடுவார், சட்டென்று சுண்டினால் உரக்கக் கூவுவார். தவறான இடத்தில் வாய் திறந்தாலோ மற்றை இருவரும் திரும்பி நம்மை முறைப்பர். இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாடுதற்கு முயற்சி வேண்டும், மௌனம் தானே அமையும் என்பதே நம் பொதுவான எண்ணம். இங்கோ மௌனத்துக்கே கை அழுத்தம் வேண்டும். அழுத்தத்தை நீக்குவதே பாட்டு. ஒலி எங்கே தொடங்குகின்றது என்பதை மட்டுமன்றி எங்கே நிற்கின்றது என்பதையும் கணக்கிட வேண்டும் என்பதை இதனினும் எளிதாக எந்த நூலும் எமக்குக் கற்பித்ததில்லை.

நிற்க. தாளம் போடுதல் என்பது ஒலியைக் கேட்டுப் பின் கையைத் தட்டுவதன்று. ஒலி கேட்டபின் விரலை அசைக்க மனிதனுக்கு ஏறக்குறைய 0.15 நொடி வேண்டும். நிமிடத்துக்கு 120 அடி செல்லும் பாட்டில் ஓரடிக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடியே உண்டு. கேட்டபின் தட்டுவோமாயின் ஒவ்வோரடியிலும் பிந்தியே நிற்போம். உண்மையில் சீரான ஒலியோடு விரல் தட்டும் மக்களை ஆராய்ந்தவர்கள், பெரும்பாலார் ஒலிக்குச் சிறிது முன்னதாகவே தட்டுகின்றனர் என்று கண்டிருக்கின்றனர். ஆகவே தாளமென்பது வரப்போவதை எதிர்நோக்கும் ஆற்றல். வாய்பாட்டை மனனம் செய்து, செய்யுளை வாய்விட்டு ஓதாமல் கண்ணாலேயே தளை காண முயலும் மாணவர் பலர், அடுத்த சீரை எதிர்நோக்கும் இவ்வின்பத்தை இழந்துவிடுகின்றனர் என்பது எம் கருத்து.

இவ்வாற்றலைக் கடுமையாகச் சோதிப்பது ‘லாக்ஸ்டெப்’ என்னும் அணிநடை. எண்ணிறந்த சிறு உருவங்கள் ஒருமிக்க அடியெடுத்து வைக்கும். முதலில் தாள அடியின் மேலேயே கால் விழும். பிறகு ஒரு குரற்குறிப்பு எழ, இரண்டடிக்கும் நடுவே விழ வேண்டும். மீண்டும் ஒரு குறிப்பு, மீண்டும் அடியின் மேல். நம் சங்கீத நூலார் கூறும் அனாகத எடுப்போடு இதனை ஒருபுடை ஒப்பிடலாம். காட்சியோ விலகி விலகிச் சென்று, நம் உருவம் எது என்றே அறியவொண்ணாதபடி கூட்டத்தில் மறைந்துவிடும். அப்பொழுது விளையாடுவோன் நம்பத்தக்கது தன் உள்ளத்து ஓடும் தாளம் ஒன்றே.

எம் விடுதித் தோழர் ஒருவர் சிறுவயதில் தம் பள்ளிப் பாடகர் குழுவில் நின்றபோது, ‘உனக்குத் தாளம் வராது, வாயை மட்டும் அசை’ என்று பணிக்கப்பட்டவர். அச்சொல் பத்தாண்டாக அவரை விட்டு நீங்கவில்லை. ஆலயத்திற் பாட்டெழும்போதும் உதடு அசையுமேயன்றிக் குரல் எழாது. உறவினர் ஒருவர் தந்த பழைய டீஎஸ் பொறியில் அவர் இவ்வணிநடையைத் தொடங்கினார். மூன்று முறை தோற்றவரைச் சிற்றுண்டிச் சாலைக்காரர் ஒருவர் அடுத்த ஆட்டத்துக்குப் போகவிடுவது இவ்விளையாட்டின் கருணை. அவர் அக்கருணையை ஏற்கவில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் இரவுதோறும் முயன்று, கண்ணை மூடிக்கொண்டே தவறின்றி முடித்தார். தாளத்தை உணரவே இயலாதவர் உலகில் இல்லாமலில்லை. 2011இல் கனடா நாட்டு மாண்ட்ரியல் ஆராய்ச்சியாளர் அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதியிருக்கின்றனர். ஆனால் அஃது அரிய குறை. ‘வராது’ என்று தீர்ப்புப் பெற்றோருள் மிகப் பலர் கற்பிக்கப்படாதவரே என்று யாம் துணிகின்றோம்.

இவ்வினத்தின் உறவினர் சிலரையும் குறிப்போம். 2005இல் டீஎஸ் பொறிக்கு வந்த ‘ஓசு! தத்தாகாயே! ஓயேந்தான்’ என்பதில் கறுப்புச் சட்டை அணிந்த உற்சாகக் குழுவினர் துன்புறுவோர்க்காக ஆடுவர். நுழைவுத் தேர்வுக்குப் படிக்க இயலாமல் தவிக்கும் மாணவனே அவர்கள் முதலிற் காப்பாற்றுபவன்! ஆயினும் அதில் திரையிற் சுருங்கும் வளையத்தைக் கண்ணால் நோக்கித் தட்டுதலே பெரும்பான்மை. ஆதலின் செவிக்கல்வியில் அது ஒருபடி தாழ்ந்ததே. 2007இன் இறுதியில் சோனியின் பீஎஸ்பீ பொறிக்கு வந்த ‘பட்டாபோன்’ வேறுவகை. அதில் நாம் முரசறையும் தெய்வம். ஒற்றைக் கண்ணுடைய குறுவீரர் நம் அடியவர். ‘பட்டா பட்டா பட்டா போன்’ என்று நான்கடி முழக்கினால் அதனையே நான்கடி பாடிக்கொண்டு முன்னே நடப்பர். ‘போன் போன் பட்டா போன்’ என்றால் தாக்குவர். தெய்வம் தாளம் தப்பினால் படை திகைத்து நிற்கும்.

கைப்பொறியே இவ்விளையாட்டுக்குத் தக்க இருப்பிடம் ஆனமைக்கும் காரணம் உண்டு. இக்காலத் தொலைக்காட்சிகள் காட்சியைச் செம்மைப்படுத்திக் காட்டுதற்கு ஒரு சிறு பொழுது எடுத்துக்கொள்கின்றன. புளூடூத் செவிப்பொறிகளிலோ ஒலி 0.1 நொடி முதல் 0.2 நொடி வரை பிந்துவதுண்டு. முன்னர்க் கூறிய 120 அடிப் பாட்டில் இஃது ஓரடியின் ஐந்திலொரு பங்குக்குக் குறையாது. திரையும் பொத்தானும் ஒலிபெருக்கியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த பொறியில் அத்தாமதம் உணரத்தக்க அளவில் இல்லை.

த்சுன்கு அவர்களைப் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். 2015 ஏப்ரலில், தாம் முன்பு பயின்ற கின்கி பல்கலைக்கழகத்தின் புகுமுக விழாவிலே, புற்றுநோயால் தம் குரல்நாண்கள் அகற்றப்பட்ட செய்தியை அவர் வெளியிட்டார். பாடகரான அவர் அன்று பேசவில்லை. அவர் எழுதிய சொற்கள் திரையில் ஓட, புதிய மாணவர் படித்தனர். அடுத்த இரண்டு மாதத்தில், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களைத் தொகுத்து த்ரீடீஎஸ் பொறிக்குரிய பதிப்பு ஜப்பானில் வந்தது. அதிலும் அவர் இசை உண்டு.

அப்பதிப்பை அமெரிக்காவில் இணையக் கடை வழியாகவே விற்றனர். அக்கடை 2023 மார்ச்சில் மூடப்பட்டது. ஆகவே இன்று தொடங்க விரும்பும் நண்பர்கள் பழைய டீஎஸ் பொறியும் 2009இல் பிற நாடுகளுக்கு வந்த அதன் அட்டையும் தேடுவதே எளிது. பொறியைப் புத்தகம்போல் பக்கவாட்டிற் பிடித்து விளையாட வேண்டும். கம்பியுள்ள செவிப்பொறியை அணிந்துகொள்க. விடுதியில் அடுத்த கட்டிலில் உறங்குவாரும் வாழ்த்துவர்.