வண்டிக்குக் காய்ச்சலா, தெர்மாமீட்டர் கோளாறா?



குழுக் கடனில் பெட்ரோல் சுமை வண்டி வாங்கி ஓட்டும் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தோம். வண்டியில் கரும்புகை, பெட்ரோல் செலவு அதிகம், ஃபேன் நிற்காமல் ஓடுகிறது என்றார்கள். இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். "அப்போ இந்த மாசத் தவணைக்கு என்ன பண்றது?" என்று பிரதிநிதி கண் கலங்கினார். பிரிக்கும் முன் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னோம். பழுது, விரல் அளவே உள்ள ஒரு சென்சாரின் கனெக்டரில் இருந்தது!

இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் தண்ணீரின் சூட்டை அளந்து, வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் இந்த சென்சார். ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் மாதிரி. இன்ஜின் ஆறியிருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், சூடானதும் குறைக்கும். ஒயர் அறுந்தாலோ, கனெக்டரில் பச்சை பூத்தாலோ, இன்ஜின் குளிர்ந்தே கிடப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்து பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். புகை அதனால்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. வண்டி நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலும் சென்சார் தப்பாகக் காட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

2. கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

3. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். கூலன்ட் சூடும் வெளிக்காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் ஒயர் அல்லது சென்சார் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

4. சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்க்கலாம். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் வாக்கில் இருக்கும். வெந்நீரில் அதன் முனையை வைத்தால் அளவு சீராக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மாற்ற வேண்டியதுதான். சரியான அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

5. சென்சார் நல்லா இருந்தால், சாவியைத் திருப்பி கனெக்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கோளாறு ஒயரில் அல்லது கம்ப்யூட்டரில்.

ஒரு எச்சரிக்கை: முள் சிவப்புக்குப் போனாலோ, ஆவி வந்தாலோ, "சென்சார்தானே" என்று ஓட்டாதீர்கள். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். நிஜமாகவே சூடாகியிருந்தால் இன்ஜின் போய்விடும்.

பட்டறையில் "முதல்ல சென்சாரை செக் பண்ணுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் வாங்கி, செலவைக் கணக்கு நோட்டில் எழுதுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் வண்டியின் கூலன்ட்டைக் கடைசியாகப் பார்த்தது யார்? எப்போது?