நெறி கட்டுவது ஏன்?

நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரங்களில் சீமைக்கருவேல முள் தைக்காத கால் அரிது. விறகு வெட்டுவோரும் ஆடு மேய்ப்போரும் முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்வர். இரண்டொரு நாளில் தொடையிடுக்கில் வலியுடன் ஒரு கட்டி எழும்பும். "நெறி கட்டியிருக்கிறது" என்பர். புண் பாதத்தில் இருக்க, கட்டி தொடையிடுக்கில் தோன்றுவது ஏன்? நிணநீர் மண்டலத்தை அறிந்தால் விடை விளங்கும்.

இரத்தம் நுண்ணிய தந்துகிகளின் வழியே செல்லும்போது, அதன் நீர்ப்பகுதி திசுக்களுக்குள் கசிந்து உயிரணுக்களுக்கு உணவளிக்கிறது. அதில் பெரும்பகுதி இரத்தத்திற்கே திரும்புகிறது. எஞ்சியது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர், நிணநீர் நாளங்கள் என்னும் மெல்லிய குழாய்களில் சேர்கிறது. வயலில் மிஞ்சிய நீரை வடிகால் ஏற்றுச் செல்வது போன்றது இது. இறுதியில் இந்நீர் கழுத்தின் அடியிலுள்ள பெருஞ்சிரைகளில் கலந்து மீண்டும் இரத்தமாகிறது.

நிணநீரை உந்தித் தள்ள இதயம் போன்ற தனி உறுப்பு இல்லை. நாளங்களின் சுவர்கள் மெல்லச் சுருங்குவதாலும், நாம் நடப்பதாலும், ஆழ்ந்து மூச்சு விடுவதாலுமே அது மேலேறுகிறது. அது பின்னோக்கி வழியாதவாறு நாளங்களுக்குள் வால்வுகள் காக்கின்றன.

வழியெங்கும் ஏறத்தாழ 600 நிணநீர் முடிச்சுகள் உள்ளன. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் அவை மிகுதி. பாதத்துப் புண்ணில் புகுந்த கிருமிகள் நிணநீருடன் தொடையிடுக்கை அடையும்போது, அங்குள்ள வெள்ளணுக்கள் பெருகி அவற்றை எதிர்க்கின்றன. அதனால் முடிச்சு வீங்குகிறது. அதுவே நெறி. அது காவல் பணியின் அடையாளம். நோயின் மூலம் பாதத்தில் உள்ளது.

ஆதலால் கவனிக்க வேண்டியது புண்ணையே. புண்ணைச் சோப்பு நீரால் கழுவுங்கள். முள் உள்ளே முறிந்திருந்தால் மருத்துவரிடம் காட்டி அகற்றுங்கள். ரணஜன்னித் தடுப்பூசி தேவையா எனக் கேளுங்கள். நெறியை அழுத்தித் தேய்ப்பதும், சுண்ணாம்பு தடவுவதும், சூடு போடுவதும் கூடா. காலில் சிவந்த கோடு மேல்நோக்கிப் படர்ந்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவமனைக்கு வருக. சர்க்கரை நோயாளர் பலருக்கு முள் தைத்த வலியே தெரியாது. அவர்தம் பாதங்களை வீட்டார் நாள்தோறும் மாலையில் பார்ப்பது நன்று.

எல்லா நெறியும் இத்தகையதன்று. இரண்டு வாரங்களுக்கு மேல் வற்றாத கட்டி, வலியின்றி வளரும் கட்டி, கெட்டியாக அசையாதிருக்கும் கட்டி ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். கழுத்தில் தோன்றும் கட்டி காசநோயாக இருக்கலாம். மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு சேர்ந்திருந்தால் ஐயம் வலுக்கும். ஊசியால் சிறிது எடுத்துச் சோதித்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். காசநோய் எனில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். பொதுவாக 6 மாதம் தவறாது உட்கொண்டால் குணமாகும். சில வேளைகளில் அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அங்கும் காலத்தே வருவதே உயிர் காக்கும்.

வடிகால் அடைபட்டால் வேறொரு துன்பம் நேர்கிறது. கொசுவால் பரவும் யானைக்கால் புழு நிணநீர் நாளங்களில் தங்கி அவற்றைச் சிதைக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் முடிச்சுகளை அகற்றியவர்களுக்கும் கை வீங்கக்கூடும். இத்தகையோர் அவ்வுறுப்பை நாள்தோறும் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, ஓய்வின்போது உயர்த்தி வைக்க வேண்டும். சிறு கீறலுக்கும் உடனே மருத்துவம் செய்ய வேண்டும். வீங்கிய கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பது தவறு. கற்பித்த பயிற்சியை விடாது செய்க. தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும்.